பதினெட்டுக்கு முன்னால் ஒரு இருபது ரூபாய்

கடலூர் மாவட்டத்தில் குழந்தைகள் இல்லங்களை நடத்துகிறவர்களுக்கும், அங்கே பிள்ளைகளோடு ராப்பகலாக இருக்கிற இல்லத் தாய்மார்களுக்கும்,



ஆவணியிலும் தையிலும் பெரிய முகூர்த்த நாளென்றால் திருவந்திபுரத்துக்குள் வண்டி நுழையாது என்பது உங்களுக்கே தெரியும். தேவநாத சுவாமி கோயிலும் ஔஷதகிரி மலைப் படிகளும் மாலையும் கழுத்துமாக ஜோடிகளால் நிறைந்துவிடும். ஒரே நாளில் நூறு கல்யாணத்தைத் தாண்டிய முகூர்த்தங்களும் உண்டு. அன்றைக்கு உங்கள் இல்லத்து போனும் ஓயாது. “சார், இன்னிக்கு மதியச் சாப்பாடு எங்க கணக்கு.” “மேடம், பந்தி முடிஞ்சுது, சாதம் சாம்பார் நிறைய இருக்கு, அனுப்பட்டுமா?” பிள்ளைகள் வடை பாயசத்தோடு சாப்பிடுவார்கள். மணமக்களோடு ஒரு போட்டோ எடுப்பார்கள். கொடுக்கிறவர்களுக்குப் புண்ணியம், பிள்ளைகளுக்கு வயிறு நிறைவு. இதில் குறை காண நான் எழுதவில்லை.

எனக்குள்ள கவலை வேறு. வங்கிக் கவுன்ட்டரில் காலம் கழித்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் இல்லங்களில் வளரும் பிள்ளைக்கு எல்லாம் கிடைக்கிறது, எதற்கும் விலை மட்டும் தெரிவதில்லை. சட்டை யாரோ கொடுத்தது. சோப்பு ஸ்டோர் ரூமிலிருந்து வருவது. அரிசி மூட்டையாக வந்து இறங்குவது. கரன்ட் பில் அலுவலக அறையில் கட்டப்படுவது. வெளியே, எவ்வளவு ஏழை வீடானாலும், எட்டு வயதுப் பிள்ளையிடம் அம்மா ஐம்பது ரூபாயைக் கொடுத்துப் புளியும் எண்ணெயும் வாங்கிவரச் சொல்கிறாள். திரும்பி வந்ததும் “மீதிச் சில்லறை எங்கடா?” என்கிறாள். சீட்டுப் பணம் கட்ட முடியாமல் அப்பாவும் அம்மாவும் போடும் சண்டை அந்தப் பிள்ளையின் காதில் விழுகிறது. தோடு அடகுக்குப் போனதும் மீண்டு வந்ததும் வராததும் அதற்குத் தெரியும். யாரும் பாடம் நடத்தாமலே பத்து வருஷத்தில் ஒரு படிப்பு முடிந்துவிடுகிறது. உங்கள் பிள்ளைக்கு அந்தப் படிப்பில் முதல் வகுப்பே பதினெட்டாவது பிறந்த நாளன்றுதான் தொடங்குகிறது.

அன்றைக்கு என்ன நடக்கிறது? இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 46-ஆம் பிரிவு, பதினெட்டு முடிந்து இல்லத்தை விட்டுப் போகும் பிள்ளைக்கு நிதியுதவி வழங்கப்படலாம் என்கிறது. ‘வழங்கப்பட வேண்டும்’ என்று சொல்லவில்லை. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பின்பராமரிப்புக்கு மாதம் 4,000 ரூபாய்க்கு இடமிருக்கிறது. 2021-இல் கொரோனா பெற்றோர் இருவரையும் கொண்டுபோன பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசு ஆளுக்கு 5 லட்சம் ரூபாயை வைப்பீடாகப் போட்டு, பதினெட்டு முடிந்ததும் வட்டியோடு தருவதாக அறிவித்தது. மத்திய அரசின் பி.எம். கேர்ஸ் திட்டத்தில் இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கிறார்கள். 10 லட்சத்தை ஒரே தடவையில் கையில் கொடுத்துவிடாமல், பதினெட்டிலிருந்து இருபத்து மூன்று வரை மாதாமாதம் ஒரு தொகையும் அதன் பிறகு மொத்தமும் என்று வைத்தார்கள்.

2021-இல் பதிமூன்று வயதாக இருந்த பிள்ளைக்கு 2026-இல் பதினெட்டு. வைப்பீடுகள் வருஷா வருஷம் முதிர்ந்துகொண்டே இருக்கும். பிள்ளைகள் பதினெட்டாகி இல்லத்தை விட்டுப் போவது நமக்குப் புதிதும் அல்ல. சுனாமிக்குப் பிறகு கடலூரில் அரசு திறந்த இல்லத்தில் வளர்ந்தவர்கள் இன்று இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கிறார்கள். பத்து ரூபாயைத் தன் இஷ்டத்துக்குச் செலவு செய்து பார்க்காத கைக்கு ஐந்து லட்சம் வரும்போது, அதுவரை எட்டிப் பார்க்காத மாமாவும் சித்தப்பாவும் அதற்கு முந்தின வாரமே வந்துவிடுவார்கள். எல்லா மாமாவும் கெட்டவர் இல்லை. ஆனால் நல்ல மாமா யார், கணக்குக் காட்டாத மாமா யார் என்று பிரித்துப் பார்க்க அந்தப் பிள்ளைக்கு எங்கே பழக்கம்?

லட்சம் வராத பிள்ளைகள்தான் அதிகம். அவர்கள் புதுச்சேரிக்கோ சென்னைக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போகிறார்கள். போன இடத்தில் முதலில் அறை வாடகைக்கு அட்வான்ஸ். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் ஒழிய, குடியிருக்கும் வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. வீட்டுக்காரர் கேட்கிறார், பையனுக்குத் தெரியாது, கொடுக்கிறான். கொடுக்க இல்லாததால் கடன் வாங்குகிறான்.

அந்தக் கடன்தான் தண்டல். பத்தாயிரம் கடன் என்று பேசி ஒன்பதாயிரத்தைக் கையில் கொடுப்பார்கள். தினம் நூறு ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். ஆயிரம் ரூபாய்தானே கூடுதல், பத்து பர்சென்ட்தானே என்று பையன் நினைப்பான். தினமும் நூறு ரூபாய் திரும்பிப் போய்க்கொண்டே இருப்பதால், அவன் கையில் சராசரியாக நின்றது நாலாயிரத்து ஐந்நூறுதான். அதற்கு நூறு நாளில் ஆயிரம் ரூபாய். வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 80 விழுக்காடு. தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-இலேயே வந்துவிட்டது, தண்டலும் மீட்டர் வட்டியும் அதில் பெயர் சொல்லித் தடுக்கப்பட்டிருக்கின்றன. இருந்தும் காலையில் மார்க்கெட்டில் போய் நின்றால் நோட்டுப் புத்தகத்தோடு வசூல் செய்கிறவரைப் பார்க்கலாம். இந்த ஒரு கணக்கை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். யாரும் போடச் சொல்வதில்லை என்பதுதான் விஷயம்.

தண்டல்காரராவது முகம் தெரிந்த மனிதர். செல்போனில் கடன் கொடுக்கிற செயலிக்கு முகமே கிடையாது. 2022-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி கடன் தொகை நேராகக் கடன் வாங்குபவரின் கணக்குக்கே வர வேண்டும். வருஷ வட்டி எத்தனை, கட்டணம் எத்தனை என்று முன்கூட்டியே எழுத்தில் காட்ட வேண்டும். அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படிக்கிற பிள்ளைக்கு அது பாதுகாப்பு. கேட்கத் தெரியாத பிள்ளைக்கு அப்படி ஒரு விதி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பயம் தருவது இன்னொன்று. “உன் பேங்க் அக்கவுன்ட்டைக் கொஞ்ச நாளைக்குக் கொடு, மாசம் ஒரு தொகை தர்றேன்” என்று ஒருவன் வருவான். ஏடிஎம் கார்டு, பாஸ்புக், சிம் கார்டு மூன்றையும் வாங்கிக்கொள்வான். எங்கோ ஒரு முதியவரை ஏமாற்றிப் பறித்த பணம் அந்தக் கணக்கில் விழுந்து சில நிமிஷத்தில் வேறெங்கோ போய்விடும். பறிகொடுத்தவர் 1930-க்கு போன் செய்து புகார் கொடுத்ததும் கணக்கு முடக்கப்படும். போலீஸ் முதலில் தேடி வருவது கணக்கில் பெயர் உள்ளவனைத்தான். அப்பா அம்மா உள்ள பிள்ளையென்றால் ஸ்டேஷனுக்கு யாராவது ஓடிவருவார்கள். இவனுக்கு யார் வருவார்கள்? வலை வீசுகிறவனுக்கு இது நன்றாகத் தெரியும். தனியாக நிற்கிற பிள்ளையாகப் பார்த்துத்தான் அவன் வருகிறான்.

இதற்கெல்லாம் வகுப்பு நடத்துகிறோமே என்பீர்கள். நடக்கிறது. வங்கியிலிருந்தோ ஏதாவது சங்கத்திலிருந்தோ வருகிறார்கள், பேனர் கட்டுகிறார்கள், சிக்கனம் சேமிப்பு என்று முக்கால் மணி நேரம் பேசுகிறார்கள், பிஸ்கட் பாக்கெட் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நானும் அப்படிப் பேசப் போயிருக்கிறேன். நிதிக் கல்வி பற்றிய 168 ஆய்வுக் கட்டுரைகளைச் சேர்த்துப் பேராசிரியர்கள் மூவர் 2014-இல் கணக்குப் பார்த்தார்கள். பண விஷயத்தில் மனிதர்கள் வேறு வேறு விதமாக நடந்துகொள்வதில் 0.1 விழுக்காட்டைத்தான் அந்த வகுப்புகளால் விளக்க முடிந்தது. படித்ததும் நாளாக ஆகக் கரைந்துபோனது. பின்னால் வந்த ஆய்வுகள் இத்தனை கறாராக இல்லை என்றாலும், கையில் காசில்லாதபோது கேட்ட பாடம் காசு வரும்போது நினைவுக்கு வராது என்பதை ஒப்புக்கொள்ள ஆய்வே தேவையில்லை. நீச்சலைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிவிட்டுக் கெடிலத்தில் வெள்ளம் வரும்போது இறங்கு என்கிற கதை.

“எங்க பசங்களுக்குக் கையில காசு நிக்காது சார், கிடைச்ச அன்னிக்கே காலி பண்ணிடுவாங்க” என்று உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். உண்மைதான். ஏன் என்று மட்டும் யோசிக்க வேண்டும். டெல்லியில் தெருவோரப் பிள்ளைகளோடு 1989 முதல் வேலை செய்துவரும் ‘பட்டர்ஃபிளைஸ்’ அமைப்பு இதைத்தான் முதலில் கண்டுகொண்டது. தெருவில் படுக்கிற பிள்ளை காசை இரவு வரை வைத்திருந்தால் பெரிய பையன்கள் பிடுங்கிக்கொள்வார்கள். அப்படியிருக்க அன்றன்றைக்கே சினிமாவுக்கும் பிரியாணிக்கும் செலவழித்துவிடுவது புத்திசாலித்தனம்தானே! அதனால் அவர்கள் சிக்கனத்தைப் போதிக்கவில்லை, காசைப் பத்திரமாக வைக்க ஓர் இடம் கொடுத்தார்கள். 2001-இல் தொடங்கிய அந்தப் பிள்ளைகள் வங்கியில் மேலாளரும் பிள்ளையே, உறுப்பினர்களும் பிள்ளைகளே. போடுவது, எடுப்பது, யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று கூடிப் பேசுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. இன்று அந்த ஏற்பாடு வேறு நாடுகளுக்கும் போயிருக்கிறது.

அமெரிக்காவில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வும் இதோடு சேரும். மூன்றிலிருந்து ஐந்து வயது வரையுள்ள 28 குழந்தைகள். பாதிப் பேரிடம், படம் வரைய நல்ல சாமான்கள் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் வெறுங்கையோடு வந்து மன்னிப்புக் கேட்டார். மீதிப் பேருக்குச் சொன்னபடியே கொண்டுவந்து கொடுத்தார். பிறகு எல்லோர் முன்னாலும் ஒரு மிட்டாயை வைத்து, தின்னாமல் காத்திருந்தால் இரண்டு என்றார். ஏமாந்த குழந்தைகள் சராசரியாக மூன்று நிமிஷம் காத்திருந்தார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றிய பெரியவரைப் பார்த்தவர்கள் பன்னிரண்டு நிமிஷம். மன உறுதி பிள்ளைக்குள் மட்டும் இருக்கிற சரக்கில்லை; பக்கத்தில் இருக்கிற பெரியவரின் நாணயத்தைப் பொறுத்தும் அது கூடும், குறையும்.

உங்களிடம் வந்து சேருகிற பிள்ளைகள் எத்தனை தடவை ஏமாந்துவிட்டு வந்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வருகிறேன் என்று போன அப்பா வரவில்லை. தீபாவளிக்குக் கூட்டிப் போகிறேன் என்ற பாட்டி வரவில்லை. அவர்களிடம் போய் நாளைக்கு வேண்டும், இன்றைக்குச் சேர்த்து வை என்றால், எந்த நாளை என்றுதான் கேட்பார்கள். ஆகவே நீங்கள் கற்றுக்கொடுக்க வேண்டிய முதல் பாடம், சேர்த்து வைத்த காசு கேட்ட அன்றைக்குத் திரும்பி வரும் என்பது. அதைப் பேசிக் கற்றுக்கொடுக்க வழியில்லை, திருப்பிக் கொடுத்துத்தான் காட்ட வேண்டும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பத்து வயது தாண்டிய ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் ஒரு சிறு தொகை, இருபது ரூபாயோ முப்பதோ, கையில் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஞாயிற்றுக்கிழமையே. கலெக்டர் வந்தாலும் அன்றே, கல்யாணச் சாப்பாடு வந்தாலும் அன்றே. தப்பு செய்தான் என்று அந்தக் காசில் கை வைக்காதீர்கள். தண்டனை வேறு எதுவானாலும் இருக்கட்டும். எதில் செலவழித்தாய் என்று விசாரணை வேண்டாம். முதல் மாதம் முழுக்க மிக்சருக்கும் ஸ்டிக்கருக்கும் போகும். போகட்டும். பதினோரு வயதில் இருபது ரூபாயை மிக்சரில் தொலைப்பது மலிவான படிப்பு.

சேர்க்க நினைக்கிற பிள்ளைக்கு ஒரு பெட்டி வேண்டும். இங்கே நம் ஊர்க் கல்யாண மண்டபங்களில் மொய் எழுதும் மேசையைப் பாருங்கள். ஒருவர் பணத்தை எண்ணிப் பையில் போடுவார், இன்னொருவர் நோட்டில் எழுதுவார். எண்ணுகிறவர் எழுத மாட்டார், எழுதுகிறவர் பணத்தைத் தொட மாட்டார். பல வங்கி மோசடிகளின் கதையைக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் இந்த இரண்டு வேலையும் ஒரே ஆளிடம் போன இடத்தில்தான் ஓட்டை விழுந்திருக்கும். உங்கள் பிள்ளைகளின் பெட்டிக்கும் இதே ஏற்பாடு போதும். யாரைப் போடுவது என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ளவும் வேண்டாம். ஒவ்வொரு இல்லத்திலும் வயதுவாரியாகக் குழந்தைகள் குழு இருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு இளைஞர் நீதி மாதிரி விதிகளே சொல்கின்றன. பல இடங்களில் அது ஆய்வுக்கு வருகிறவர்களுக்குக் காட்டுகிற பதிவேடாக மட்டும் இருக்கிறது. அந்தக் குழுவிடம் பெட்டியை ஒப்படையுங்கள், பதிவேட்டுக்கு உயிர் வரும்.

அடுத்தது பாஸ்புக். பத்து வயது நிறைந்த பிள்ளை சேமிப்புக் கணக்கைத் தானே நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2014-இலேயே சொல்லிவிட்டது. 2025-இல் அந்த விதியைப் புதுப்பித்தும் வெளியிட்டது. எவ்வளவு வரை என்பதை மட்டும் அந்தந்த வங்கி முடிவு செய்யும். உங்கள் இல்லங்களில் கணக்கில்லாத பிள்ளை அநேகமாக இருக்காது, உதவித்தொகைக்காகவே திறந்திருப்பீர்கள். ஆனால் பாஸ்புக் எல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு பீரோவில் இருக்கிறது. பொதுவாக இரண்டு வருஷம் வரவு செலவு இல்லாவிட்டால் கணக்கு முடங்கும். பதினெட்டானதும் புதிதாகக் கையெழுத்து மாதிரி கொடுத்தாக வேண்டும். இதெல்லாம் பிள்ளைக்குத் தெரியாமலே நடந்துவிடக் கூடாது. மாதம் ஒருமுறை பிள்ளையே போய், சலான் எழுதி, வரிசையில் நின்று, இருபது ரூபாய் போட்டுவிட்டு வரட்டும். கவுன்ட்டரில் எரிச்சல்படுவார்கள். நாங்கள் எரிச்சல்படுகிறவர்கள்தான், பழகிவிடும்.

பதினைந்து தாண்டிய பிள்ளைகளைச் சமையலறைக் கணக்குக்குள் விடுங்கள். ஒரு வாரத்துக் காய்கறிப் பணத்தை இரண்டு பேரிடம் கொடுத்துவிடுங்கள். முதுநகருக்கு மீன் வாங்கப் போனால் காலை ஆறு மணிக்கு ஒரு விலை, பத்து மணிக்கு ஒரு விலை என்பதை அவர்களே பார்த்துவரட்டும். மாதம் 12,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொண்டு, வாடகை, சாப்பாடு, பஸ், ரீசார்ஜ் என்று எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். பைக் தவணைக்கு இடமிருக்கிறதா என்று அவனே கண்டுபிடிக்கட்டும். சம்பளச் சீட்டில் பி.எஃப். என்று பிடிப்பது திருட்டு இல்லை, அது அவன் பணம் என்பதும் அப்போதே தெரிய வேண்டும். கம்பெனி மாறும்போதெல்லாம் அதை அப்படியே விட்டுவிட்டு வருகிறவர்கள் ஏராளம்.

காசைக் கையில் கொடுத்தால் புத்தி கெட்டுவிடும் என்று நினைக்கிறவர்கள் உங்களில் உண்டு. நம் திருவந்திபுரத்தில் நெடுங்காலம் வாழ்ந்த வேதாந்த தேசிகர், பிச்சை அரிசியோடு கலந்து வந்த பொற்காசுகளைப் புழு என்று தர்ப்பையால் ஒதுக்கித் தள்ளினார் என்று சொல்வார்கள். எனக்கு மிகவும் பிடித்த கதை. அவர் பொன் என்று தெரிந்துதான் தள்ளினார். நம் பிள்ளை வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடங்களும் நிறைய வரும். முன்பின் தெரியாதவன் கணக்கைக் கேட்கும்போது, நண்பன் ஜாமீன் கையெழுத்துக் கேட்கும்போது, பந்தயச் செயலி முதல் நூறு ரூபாயை இலவசமாகத் தரும்போது. அந்த ‘வேண்டாம்’ சொல்லவும் காசோடு பழகியிருக்க வேண்டும்.

பணம் எங்கிருந்து வரும்? முப்பது பிள்ளைகளுக்கு வாரம் இருபது ரூபாய் என்றால் மாதம் இரண்டாயிரத்து நானூறிலிருந்து மூவாயிரத்துக்குள் முடிந்துவிடும். முகூர்த்தச் சாப்பாடு போடுகிறவர்களிடம், பாயசத்துக்குப் பதில் இந்த மாதப் பிள்ளைகள் காசை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். மணமக்கள் யோசித்துவிட்டுச் சரி என்பார்கள்; அவர்களே அன்றைக்கு மொய்க்கணக்குப் பார்க்கப் போகிறவர்கள். இன்னும் வசதியுள்ளவர்களிடம் வேறு ஒன்று கேட்கலாம். அமெரிக்காவில் வளர்ப்பு இல்லங்களிலிருந்து வெளியேறும் இளைஞர்களுக்காக ஜிம் கேசி என்பவர் பெயரில் 2001-இல் தொடங்கிய ஒரு முயற்சியில், பிள்ளை ஒரு டாலர் சேர்த்தால் நன்கொடையாளர் ஒரு டாலர் போடுகிறார். அறை அட்வான்ஸ், படிப்பு, வேலைக்குப் போக வண்டி என்று குறிப்பிட்ட தேவைகளுக்கு அதை எடுக்கலாம். பதினேழு வயதுப் பிள்ளை சேர்த்த ஆயிரத்துக்குக் கடலூர்க் கடைக்காரர் ஒருவர் ஆயிரம் போட மாட்டாரா?

விதி இடம் கொடுக்குமா என்று தயங்காதீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் எழுதத்தான் வேண்டும். அதில் இதையும் ஒரு வரியாக எழுதி, குழந்தை நலக் குழுவுக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் கடிதம் கொடுத்து, எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கணக்கு நோட்டுப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். என்னைப் போல் ஓய்வு பெற்றுவிட்டு மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களையும் இழுத்து வருகிறேன்.

கடைசியாக, நீங்கள் கேட்கப்போகிற கேள்வி. பெட்டியில் காசு காணாமல் போனால்? போகும். ஒரு தடவையாவது போகும். போன அன்று மாலைக்குள் இல்லத்துப் பணத்திலிருந்து அந்தத் தொகையைப் பெட்டியில் வைத்து, பிள்ளைகளைக் கூப்பிட்டு எண்ணிக் காட்டிவிடுங்கள். யார் எடுத்தது என்ற விசாரணையை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற வங்கி ஊழியன்,
திருவந்திபுரம்